இரண்டு பேர் கூடாரம்

ஜெய்சல்மேருக்கு எடுத்த டிக்கெட்டை
துரைபாபுவின் முதலாளி ஒரே போனில் கிழித்தார்.
டிரெய்லர் மூன்று, டிரைவர் இரண்டு,
பொங்கல் முடியாமல் லீவு கிடையாது.
கூடாரம் மட்டும் முன்பே வந்துவிட்டது.
கொருக்குப்பேட்டையில் கட்டிலுக்கடியில்
மாமியாரின் அரிசி டிரம்மை ஒட்டி
மூன்று மாதம் படுத்திருந்தது.

சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும்
"வா, பாலைவனம் போலாம்" என்றான்.
கும்மிடிப்பூண்டி லோக்கலில்
பத்து ரூபாய்க்கு.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
குழாய்களுக்குக் கீழே குனிந்து
உப்பளத்து வரப்பில் ஒருவர் பின் ஒருவராக.
என் முதுகில் ஆறு லிட்டர் தண்ணீர்.
நடக்க நடக்கக் குறையும் என்றான்.
குடித்தால்தானே குறையும்.
ஒதுங்க ஒரு புதர் இல்லாத நிலத்தில்
தாகத்தைத் தள்ளிப்போட எனக்குத் தெரியும்.

பிறகு சாம்பல்.
அனல்மின் நிலையம் எரித்துத் துப்பியது
கண்ணுக்கெட்டும் வரை காய்ந்து கிடந்தது,
பாத்திரம் தேய்த்த கையின் நிறத்தில்.
கணுக்கால் வரை வாங்கிக்கொண்டு
தன் இஷ்டத்துக்குத் திருப்பித் தந்தது.
காற்று அதன்மேல் அலை அலையாக இழுத்திருந்தது.
"போட்டோல பாத்த மாதிரியே இல்ல?"
இருமிக்கொண்டே ஆமாம் என்றேன்.

முளைக்குச்சி ஒன்றும் நிற்கவில்லை.
பரோட்டா வந்த கவர், சால்னா வந்த கவர்,
எல்லாவற்றிலும் சாம்பலை நிரப்பி
நாலு மூலையிலும் கட்டினோம்.
ஏழடிக்கு ஆறடி.
வீட்டில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே
எங்களுக்கு விழுந்த பங்கைவிட
ஒரு சாண் அதிகம்.
ஜிப்பை இழுத்த சத்தத்தில் சிரித்துவிட்டோம்.
கல்யாணமாகி மூன்று வருஷத்தில்
உள்ளேயிருந்து சாத்துகிற முதல் கதவு.

வானத்தில் பதினோரு நட்சத்திரம் எண்ணினேன்,
அதில் மூன்று புகைபோக்கியின் சிவப்பு விளக்கு.
ராத்திரி முழுக்க நிலக்கரி பெல்ட் ஓடியது.
நாங்கள் கிசுகிசுக்கவில்லை, சத்தமாகப் பேசினோம்,
அதற்குத்தானே வந்தது.
நாத்தனார் நகைக் கடன், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்,
அப்புறம் ஒரு சண்டை கூட,
முழுசாக, குரல் உயர்த்தி,
பக்கத்தில் யாரும் தொண்டையைச் செருமாமல்.

இரண்டரை மணிக்குத் துணியில் டார்ச் வெளிச்சம்.
காவலாளி.
விசில், தடி, சட்டையில் மூலாராம் என்று பெயர்,
இருபத்திரண்டு வயதிருக்கும்.
விரட்ட வந்தவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து
"வாசல காத்துப் பக்கம் வெச்சிகிறீங்க" என்றான்,
நாலு மாதத் தமிழில்.
ஊர்?
பாட்மேர்.
ஜெய்சல்மேருக்கு அடுத்த மாவட்டம்.
துரைபாபு என்னைப் பார்த்தான்,
நான் கூடாரத்தைப் பார்த்தேன்.

"உங்க ஊரு மாதிரி இருக்கா?"
மூலாராம் டார்ச்சைத் தரையில் அடித்தான்.
ரொம்ப நேரம் தேடினான்.
"எங்க மணல்ல காலைல பாத்தா
வண்டு, பல்லி, பாம்பு, நரி,
ராத்திரி யாரு போனான்னு எழுதியிருக்கும்.
இங்க உங்க காலு மட்டும்தான்."

அப்புறம் தயங்கி,
"கடல் எந்தப் பக்கம்?"
பன்னிரண்டு மணிநேர டியூட்டி, ரூம், டியூட்டி.
சத்தம் மட்டும் கேட்டிருக்கிறானாம்,
அதுவும் பெல்ட்டோ என்று சந்தேகமாம்.

விடிந்து ஷிப்ட் முடிந்ததும் மூன்று பேராக நடந்தோம்,
காட்டுப்பள்ளி ரோட்டில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி.
மடித்த கூடாரம் உறைக்குள் போகவில்லை,
துரைபாபு அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிவந்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை.

கடலைப் பார்த்ததும் மூலாராம் ஷூவைக் கழற்றினான்,
சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தான்,
முழங்கால் வரை போய் நின்று
அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான்.
போனை அலைக்குக் காட்டினான், கப்பலுக்குக் காட்டினான்,
எங்களுக்கும் காட்டினான்.
முக்காட்டுக்குள்ளிருந்து அந்தம்மா
என்னிடம் ஏதோ கேட்டார்.

"இவ்ளோ தண்ணி இருக்கே,
குடிக்கிறதுக்கு எவ்ளோ தூரம் நடப்பீங்கன்னு கேக்குறாங்க."

என் பையில் இன்னும் நாலு லிட்டர் இருந்தது.
கொருக்குப்பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை லாரி
ஒன்பதரைக்கு வரும்.
மணி எட்டு.